சக்கரம் இருந்தால் வண்டி

அத்தியாயம் பதினேழு

போன வாரம் அண்ணியை மாடிப்படியிலேயே நிற்க வைத்துவிட்டு வந்துவிட்டேன். கையில் ரயில் நிலையத்திலிருந்து வந்த நோட்டீஸ், முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கிற கோபம். ஏழு நாள் ஒரு பெண்ணை அப்படி நிற்க வைக்கலாமா என்று வாசகிகள் சிலர் என்னை வறுத்தெடுத்துவிட்டார்கள். நியாயம்தான். முதலில் அவளை வீட்டுக்குள் அழைத்து வந்துவிடுகிறேன்.

வீடு இரண்டாவது மாடி. பால்கனியில் நின்றால் எதிரே ரயில் நிலையத்தின் கடிகாரத்தில் மணி பார்க்கலாம். நடுவில் இருப்பது ஒரே ஒரு சாலைதான். ஆனால் அது எட்டு வழிச் சாலை. அதற்கு அந்தப் பக்கம் கார் நிறுத்தும் மைதானம், அதன் முடிவில் நிலையத்தின் மேற்கு வாசல்.

தெருமுனையில் ஒரு சிக்னல் இருக்கிறது. பச்சை விழுந்தால் தெருவிலிருந்து வரும் கார்கள் சாலையை நேராகக் கடந்து மைதானத்துக்குள் போய்விடலாம். காரில் போனால் நாலு நிமிடம். நடந்து போகிறவர்களுக்கு அந்த வழியில் அனுமதி இல்லை என்று பெரிய பலகை வைத்திருக்கிறார்கள். அவர்கள் தூரத்தில் இருக்கும் பாலம் வரைக்கும் போய், ஏறி, இறங்கி, திரும்ப அவ்வளவு தூரமும் வர வேண்டும். இருபத்து நாலு நிமிடம். தினமும் யார் அப்படிச் சுற்றுவார்கள்? பச்சை விழுந்ததும் கார்களுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு தெருவே ஓடும். பதினாலு நொடிக்குள் ஓடி முடிக்க வேண்டும்.

ஓடுகிறவர்களில் முதல் ஆள் அண்ணி. மேற்கு வாசலுக்குள் நுழைந்ததும் இடது கைப் பக்கம் அலமாரி அகலத்தில் ஒரு கடை இருக்கிறதே, அது அவளுடையது. பேண்டின் கீழ்மடிப்பு, ஜிப் மாற்றுவது, இடுப்பைப் பிடித்துக் கொடுப்பது. ‘அடுத்த ரயிலுக்குள் தைத்துத் தரப்படும்’ என்று பலகை போட்டிருக்கிறாள். பதினோரு வருஷத்தில் ஒரே ஒருவர்தான் ரயிலைத் தவறவிட்டார், அதுவும் தூங்கிப்போனதால்.

அந்த வாசலை ஒன்றாம் தேதியிலிருந்து மூடப் போகிறார்கள். பயன்படுத்துகிறவர்கள் குறைவாம். கடை இருக்கும் இடத்தை இடித்து, மாடியில் கட்டும் கார் நிறுத்தத்துக்குச் சரிவுப் பாதை போடுவார்களாம். நோட்டீஸோடு ஆதாரமாகப் போன வருஷத்துக் கணக்கெடுப்புத் தாளை இணைத்திருந்தார்கள். காலை நாலு மணி நேரத்தில் வந்த வாகனங்கள் தொண்ணூற்றாறு. கீழே கணக்கெடுத்தவரின் கையெழுத்து. அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் அண்ணி படியிலேயே நின்றுவிட்டாள். அது சின்னவளுடையது.

சின்னவள் யார்? அண்ணியின் நாத்தனார். அதே வீட்டில், அடுத்த அறையில் இருப்பவள். சாலைத் திட்ட அலுவலகத்தில் தற்காலிக வேலை. அவள் பொய் எழுதவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அனுமதியில்லாத இடத்தில் நடப்பவர்களைச் சேர்க்கக் கூடாது என்று படிவத்திலேயே அச்சடித்திருந்தது. அவளும் சேர்க்கவில்லை. அன்று காலை அவளுக்குக் கையசைத்துவிட்டுக் கடைக்கு ஓடிய அண்ணியையும் சேர்க்கவில்லை.

“தினம் ரெண்டு வாட்டி உன் கண்ணு முன்னாடிதானே ஓடறேன். ஆளே இல்லைன்னு எழுதியிருக்கியே.”

அண்ணி சொன்னது அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஆறு நாளாகச் சின்னவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டுமென்றாலும் அண்ணனிடம்தான் கேட்டாள். அண்ணன் உப்பைச் சின்னவளிடமிருந்து வாங்கி அண்ணியிடம் கொடுத்தான். மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் மேசையில் இது எவ்வளவு பெரிய சுற்று வழி என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சின்னவள் சும்மா இருக்கவில்லை. மறு கணக்கெடுப்பு வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, நாலு மேசை ஏறி இறங்கி, ஒரு நாள் வாங்கிவிட்டாள். வெள்ளிக்கிழமை காலை ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை. நானூறு வாகனங்கள் தேறினால் வாசல் பிழைக்கும். நடப்பவர்களைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டதற்கு மட்டும் முடியாது என்றுவிட்டார்கள். படிவத்தில் அதற்குப் பத்தி இல்லையாம்.

அந்த வெள்ளிக்கிழமை இன்றுதான்.

*

காலை ஆறே முக்கால். பால்கனியில் சின்னவள் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். எதிரே மைதானத்துக்குள் நுழையும் வழியின் ஓரத்தில் ஒரு பெரிய கறுப்புக் குடை. குடைக்குக் கீழே மடக்கு நாற்காலி, நாற்காலியில் வேறு அலுவலகத்திலிருந்து அனுப்பப்பட்ட கணக்கெடுப்பாளர். பெயர் தெரியாததால் வீட்டில் அவருக்குக் குடைக்காரர் என்று பெயர் வைத்தாகிவிட்டது. ஆறு மணிக்கு ஒரு நிமிடம் முன்னால் வந்து உட்கார்ந்தவர். அந்த ஒரு நிமிடத்தில் போன காரைக்கூட எழுதவில்லை.

முக்கால் மணி நேரத்தில் வந்தது பதினெட்டுக் கார். இந்தக் கணக்கில் பத்து மணிக்கு நூறு தாண்டுவதே கஷ்டம்.

உள்ளே அண்ணன் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். அவனுக்கு டிரைவிங் ஸ்கூல். ஸ்கூல் என்றால் ஒரு கார், அதன் தலையில் ஒரு மஞ்சள் பலகை, அவன், அவ்வளவுதான். உலகத்தில் எல்லாருக்கும் கார் ஓட்டத் தெரிந்துவிட்டால் துன்பமே இருக்காது என்று நம்புகிறவன். மனைவியின் கடைக்கு அவனும் காரில்தான் போவான். நாலு நிமிடத்தில் போய்விடுவான். நிறுத்த இடம் தேட இருபது நிமிடம் ஆகும். இதை அண்ணி பலமுறை சொல்லிக் காட்டியும் அவனுக்கு உறைத்ததில்லை.

போனில் மறுபக்கம் மருந்துக்கடை அக்கா. விதிகள் தேர்வை நான்காவது முறையாக எழுதப் போகிறவர்.

“வாகனம்னா என்ன? சொல்லுங்க.”

“இஞ்சின் இருக்கறது.”

“இப்படிச் சொல்லித்தான் மூணு வாட்டி போச்சு. புத்தகத்தைப் பார்த்துப் படிங்க.”

அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். “இயந்திரத்தாலோ, விலங்காலோ, மனிதராலோ தள்ளப்படும் அல்லது இழுக்கப்படும், சுழலும் சக்கரம் உள்ள எதுவும் வாகனம்.”

பால்கனியிலிருந்து சின்னவள் உள்ளே வந்தாள். ஓடி வரவில்லை. கண்ணாடிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறவள் மாதிரி மெல்ல வந்தாள்.

“அண்ணா, அதை இன்னொரு வாட்டி படிக்கச் சொல்லு.”

இன்னொரு முறை படிக்கப்பட்டது. சின்னவள் தன் அலுவலகப் படிவத்தின் நகலை எடுத்து மேசையில் விரித்தாள். கார், பஸ், லாரி, இருசக்கர வண்டி என்று வரிசையாகப் பத்திகள். கடைசிப் பத்தியின் தலைப்பு, ‘கையால் தள்ளுபவை, இழுப்பவை’. இத்தனை வருஷத்தில் அந்தப் பத்தியில் யாரும் ஒரு கோடு போட்டதில்லை. எதற்காக அச்சடித்தார்கள் என்று அலுவலகத்திலும் யாருக்கும் தெரியாது.

அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இருவருமாகச் சேர்ந்து மூலையில் இருந்த பழைய சக்கரப் பெட்டியைப் பார்த்தார்கள்.

அண்ணி தையல் மெஷினை விட்டுத் தலை நிமிரவில்லை. வழக்கமாக ஏழு மணிக்குக் கடையைத் திறக்கிறவள் இன்று வீட்டிலேயே தைத்துக்கொண்டிருந்தாள். குடைக்காரர் உட்கார்ந்திருக்கும் வழியில் போய், இன்னொரு தடவை ஆள் இல்லை என்று எழுதப்படுவதில் அவளுக்கு விருப்பமில்லை. ஒன்பது இருபது ரயிலில் ஒருவர் வருவார், வேலைக்கான நேர்காணலுக்குப் போட அவருக்குப் பேண்ட் தயாராக இருக்க வேண்டும். அப்போது போனால் போதும் என்று அண்ணனிடம் சொல்லியிருந்தாள். சின்னவளுக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னாள்.

*

தெருவின் வாட்ஸ்அப் குழுவில் சின்னவள் போட்ட செய்தி இரண்டே வரி. ‘இன்று ரயிலுக்குப் போகிறவர்கள் யாரும் ஓட வேண்டாம். சக்கரம் உள்ள எதையாவது உருட்டிக்கொண்டு வாருங்கள், சிக்னலில் நடுரோட்டில் நேராகப் போகலாம்.’

முதலில் வந்தவள் கீழ்வீட்டு இரட்டைக் குழந்தைகளின் அம்மா. இரண்டு பேரையும் அடுத்தடுத்து உட்கார வைத்த அகல வண்டி. பச்சை விழுந்ததும் ஒரு காருக்கும் வேனுக்கும் நடுவில், வரிசையில் தனக்கு இடம் உண்டு என்ற தோரணையில் தள்ளிக்கொண்டு போனாள். குடைக்காரர் பேனாவைக் கீழே வைத்தார். இது வாகனங்கள் மட்டும் போகும் வழி என்று பொறுமையாகச் சொன்னார்.

அண்ணன் தயாராக நின்றிருந்தான். விதிப் புத்தகத்தைப் பிரித்து, வரியை விரலால் காட்டினான். குடைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். முன்பக்கம் திருப்பி எந்த வருஷத்துப் பதிப்பு என்று பார்த்தார். திரும்பவும் படித்தார். பிறகு எழுந்து வந்து குனிந்து, குழந்தை வண்டியின் முன்சக்கரத்தை ஒரு விரலால் தட்டினார்.

அது சுழன்றது.

அவர் திரும்பிப் போய் உட்கார்ந்து, கடைசிப் பத்தியில் ஒரு கோடு போட்டார். அதை அவர் போட்ட விதத்தில் ஒரு திருப்தி இருந்தது. விதிப்படி நடக்கிறவருக்கு விதியே ஒரு புதுக் கதவைத் திறந்து காட்டினால் வருகிற திருப்தி அது. பால்கனியில் சின்னவள் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

அடுத்த பச்சைக்கு ஆறு பேர். அதற்கடுத்து ஒன்பது பேர். ஏழரை மணிக்குத் தெரு முழுக்கக் கடகடவென்ற சத்தம். சக்கரப் பெட்டிகள்தான் அதிகம். காய்கறி வாங்கும் சக்கரப் பைகள், ஒரு சக்கர நாற்காலி, மூன்று சக்கர சைக்கிள்கள், துணி துவைக்கும் மெஷினை வைக்கும் சக்கரப் பலகை, சிலிண்டர் தள்ளும் வண்டி. நகல் எடுக்கும் கடைக்காரர் வேறு எதுவும் கிடைக்காமல் நகல் மெஷினையே உருட்டிக்கொண்டு வந்தார், அதற்கு அடியில் சக்கரம் இருப்பது அன்றைக்குத்தான் அவருக்கே தெரியுமாம்.

ஒருவர் பொம்மை லாரியைக் கயிற்றில் கட்டி இழுத்து வந்தார். குடைக்காரர் அதையும் குனிந்து பார்த்தார். மூன்று சக்கரம் சுழன்றது, ஒன்று சிக்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பெரும்பான்மை சுழல்வதால் ஏற்கலாம் என்றார்.

இவர்கள் யாரும் எங்கிருந்தோ கூட்டி வந்தவர்கள் இல்லை. தினமும் கார்களின் முதுகுக்குப் பின்னால் மூச்சு வாங்க ஓடுகிறவர்கள்தான். இன்று முதல் முறையாக ஓடாமல், ஒளியாமல், நடுரோட்டில், நிமிர்ந்து போனார்கள். சிலர் வேண்டுமென்றே மெதுவாகப் போனார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். பின்னால் வந்த கார்கள் ஹாரன் அடித்தன. ஒரு பெரியவர் நின்று திரும்பி, தன் சக்கரப் பையைக் காட்டி, இதுவும் வண்டிதான் என்றார்.

வங்கியில் வேலை பார்க்கும் மேல்வீட்டுக்காரர் சக்கரம் வைத்த அலுவலக நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். வாசலில் விட்டுப்போக மனசு வராமல் அதோடு ரயிலில் ஏறிவிட்டார். எட்டு பத்து ரயிலில் உட்கார்ந்துகொண்டு போன ஒரே ஆள் அவர்தான் என்று பிற்பாடு செய்தி வந்தது.

எட்டரை மணிக்கு அண்ணனுக்குச் சோதனை வந்தது. மருந்துக்கடை அக்காவுக்கு அன்று ஓட்டும் பாடம். கணக்கில் ஒரு கார் கூடட்டுமே என்று அவன்தான் அவரை அந்தப் பக்கம் ஓட்டி வரச் சொன்னான். சிக்னலில் பச்சை விழுந்தது, அக்கா கிளச்சை விட்டார், வண்டி ஒரு விக்கல் விக்கி நின்றது. அடுத்த பச்சைக்கும் அதே விக்கல். மூன்றாவது பச்சைக்குள் பின்னால் இருபது சக்கரப் பெட்டியும் நாலு குழந்தை வண்டியும் சேர்ந்துவிட்டன. குழந்தைகளுக்கு ஹாரன் இல்லாததால் அழுதார்கள்.

வேறு வழியில்லை. அண்ணன் இறங்கினான். பெட்டிக்காரர்கள் நாலு பேர் கை கொடுத்தார்கள். தலையில் மஞ்சள் பலகையோடு டிரைவிங் ஸ்கூல் கார் எட்டு வழிச் சாலையைத் தள்ளலிலேயே கடந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அக்கா மட்டும் தானே ஓட்டுகிற முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

குடைக்காரர் கடைசிப் பத்திக்குப் பேனாவைக் கொண்டுபோனார். அண்ணன் பதறிப்போய்க் குடைக்குள் தலையை நீட்டினான்.

“சார், அது கார் சார். காருல போடுங்க. என் தொழிலுக்கு ஒரு மரியாதை வேணாமா?”

“கையால தள்ளினீங்களா இல்லையா?”

கோடு கடைசிப் பத்தியில் விழுந்தது. பால்கனிகளில் இருந்தவர்கள் கைதட்டினார்கள், அதில் பாதிப் பேர் அவனிடம் ஓட்டக் கற்றவர்கள்.

*

ஒன்பது பத்துக்கு அண்ணி கீழே இறங்கி வந்தாள். தோளில் துணிப்பை, பைக்குள் மடித்த பேண்ட். சின்னவள் அதற்குள் கீழே வந்து தெருமுனையில் எண்ணிக்கொண்டிருந்தாள். அவளுடைய கணக்கில் முந்நூற்று எழுபத்தொன்று. இன்னும் இருபத்தொன்பது வேண்டும், ஐம்பது நிமிடம் இருக்கிறது.

இரட்டைக் குழந்தைகளின் அம்மா அண்ணியிடம் ஒரு சிவப்புச் சக்கரப் பெட்டியை நீட்டினாள். பேண்டை இதில் போட்டு இழுத்துக்கொண்டு போ என்றாள்.

“வேணாம். பை கனக்கல.”

“கனத்துக்கு இல்ல, கணக்குக்கு.”

“தெரியும். நான் வண்டி இல்ல, ஆளு. நடந்துதான் போகப் போறேன்.”

சொன்ன குரலில் கோபம் இல்லை. பச்சை விழுந்தது. அண்ணி இறங்கி நடந்தாள். ஓடிப் பழகிய கால்கள், நடக்கச் சொன்னால் முதல் இரண்டு வழிகளைத் தாண்டும் வரைக்கும் தடுமாறின. அப்புறம் சீராகிவிட்டன. இரண்டு பக்கமும் பெட்டிகள் கடகடத்துக்கொண்டு போக, நடுவில் அவள் மட்டும் சத்தமில்லாமல் போனாள்.

பதினாலு நொடி முடிந்தது. விளக்கு சிவப்பானது. அண்ணிக்கு இன்னும் ஒரு வழி பாக்கி இருந்தது. முன்னால் நின்ற லாரிக்காரர் இஞ்சினை உறுமவிடாமல் காத்திருந்தார். அவரும் எங்கேயாவது இறங்கினால் நடக்கிறவர்தானே.

அண்ணி நேராகக் குடைக்கு முன்னால் போய் நின்றாள்.

“நடந்து வந்தேன். எழுதுங்க.”

“அதுக்குப் பத்தி இல்லம்மா.”

“பத்தி இல்லாட்டி என்ன. தாள் இருக்குல்ல?”

குடைக்காரர் அவளைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். காலையிலிருந்து பொம்மை லாரிக்கும் நகல் மெஷினுக்கும் கோடு போட்ட மனிதர். முன்னால் ஒரு பெண் நிற்கிறாள், அவளுக்குப் போட அவரிடம் ஒரு கோடு இல்லை. அவருடைய காது மடல் சிவந்ததைச் சின்னவள் சாலைக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்திருக்க முடியாது. ஆனால் பார்த்ததாகத்தான் இன்றைக்கும் சொல்கிறாள்.

அவர் தாளைத் திருப்பினார். வெறுமையாக இருந்த பின்பக்கத்தில், தானே ஸ்கேல் வைத்து இரண்டு கோடு இழுத்து, மேலே ‘நடந்து வந்தவர்’ என்று எழுதினார். கீழே ‘1’ என்று போட்டு, தேதியும் நேரமும் குறித்தார்.

அடுத்த பச்சைக்குக் காத்திருந்தவர்களிடம் இது எப்படியோ பரவிவிட்டது. சிலர் பெட்டியைச் சுவரோரம் வைத்துவிட்டு, நாங்களும் நடந்தே வருகிறோம் என்றார்கள். சின்னவளுக்குப் பகீரென்றது. எல்லாரும் நடந்துவிட்டால் நானூறுக்கு எங்கே போவது? வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. போன வருஷம் நடப்பவர்களைக் கணக்கில் சேர்க்காமல் விட்டவள், இன்று நடக்காதீர்கள் என்று எந்த முகத்தோடு சொல்வாள்?

சொன்னது அண்ணிதான். சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையைக் குவித்துக் கத்தினாள்.

“நீங்க உருட்டிக்கிட்டே வாங்க. இன்னிக்கு நான் ஒருத்தி போதும்.”

அப்புறம் திரும்பி, ஒன்பது இருபது ரயில் வந்துகொண்டிருந்ததால், கடையைத் திறக்க உள்ளே போய்விட்டாள்.

பத்து மணிக்குக் குடை மடங்கியது. மொத்தம் நானூற்று முப்பத்தொன்று. கார் முதலானவை தொண்ணூற்றெட்டு, கையால் தள்ளுபவை இழுப்பவை முந்நூற்று முப்பத்து மூன்று. தெருவே ஒரு தடவை கூவி முடித்தது. டிரைவிங் ஸ்கூல் அண்ணன் யாரையோ கட்டிப்பிடித்தான், விலகிப் பார்த்தால் குடைக்காரர்.

*

தாளைக் கணினியில் ஏற்றுவது சின்னவளின் வேலை. மதியம் அலுவலகத்தில் உட்கார்ந்து முன்பக்கத்தை ஏற்றி முடிக்கப் பத்து நிமிடம்தான் ஆனது. நானூற்று முப்பத்தொன்று என்று திரையில் வந்ததும் அடுத்த மேசைக்காரர் எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்.

பின்பக்கம்தான் பிரச்சினை. அந்த ஒன்றை எங்கேயும் போட முடியவில்லை. அதை விட்டுவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. வாசல் பிழைத்துவிட்டது, கடை பிழைத்துவிட்டது. குடைக்காரர்கூட, பின்பக்கம் உங்கள் விருப்பம் என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார்.

திரையின் அடியில் ‘குறிப்பு’ என்று ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அதை யாரும் நிரப்புவதில்லை. நிரப்பினால் எழுதியவர் பெயர் போட வேண்டும், கையெழுத்திட்ட நகல் பெரிய பொறியாளரின் மேசைக்குப் போகும். தற்காலிக வேலைக்காரர்கள் பெரிய பொறியாளரின் கண்ணில் படாமல் இருப்பதுதான் உடம்புக்கு நல்லது என்பது அந்த அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும்.

சின்னவள் தண்ணீர் குடித்தாள். பிறகு தட்டச்சு செய்தாள்.

‘நடந்து வந்தவர்: 1. இவர் தினமும் வருகிறார். போன வருஷமும் வந்தார். அப்போது நான் எழுதவில்லை. தவறு என்னுடையது.’

கையெழுத்துப் போடும்போது அவளுக்கு அழுகை வந்தது. ஆறு நாளாக வராத அழுகை. துடைத்துக்கொண்டு நகலை எடுத்துப் போய் வைத்துவிட்டு வந்தாள். மனசு லேசாகிவிட்டது என்று சொல்ல வேண்டும், அதோடு பயமாகவும் இருந்தது.

*

அலுவலகப் பதில் அன்றைக்கே வருமா என்று கேட்பீர்கள். வந்தது. நாளை மறுநாள் ஒன்றாம் தேதி, இடிப்பவர்கள் அளவு நாடாவோடு தயாராக இருந்தார்கள், யாராவது ஏதாவது முடிவு சொல்லியாக வேண்டும். மாலை ஆறு மணிக்குச் சின்னவளின் போனுக்கு உத்தரவின் நகல் வந்தபோது மூவரும் மேசையில் இருந்தார்கள். அண்ணன் ஒரு நாற்காலி, இரு பக்கமும் இரு பெண்கள், ஆறு நாள் பழக்கம்.

சின்னவள் சத்தமாகப் படித்தாள். மேற்கு வாசல் மூடப்படாது. அண்ணன் மேசையைத் தட்டினான். அண்ணி கண்ணை மூடித் திறந்தாள், சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்து மூடினாள்.

இரண்டாவது பத்தி. அவ்வாசலுக்கு நானூற்று முப்பத்தொரு வாகனங்கள் வருவது உறுதியானதால், விதிப்படி அவ்வளவு வாகனங்களுக்கும் நிறுத்துமிடம் அமைக்கப்படும். இடம் பரிசீலனையில் உள்ளது.

கொஞ்ச நேரம் யாருக்கும் புரியவில்லை. முதலில் புரிந்தது அண்ணனுக்கு. முந்நூறு சக்கரப் பெட்டிக்கும் வெள்ளைக்கோடு போட்டு நம்பர் கொடுப்பார்களா, பொம்மை லாரிக்குத் தனி இடமா என்று கேட்டான். அண்ணிக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. அவள் சிரித்ததைப் பார்த்துச் சின்னவளும் சிரித்தாள். அண்ணன் நகல் மெஷினை ரிவர்ஸில் நிறுத்துவது எப்படி என்று நடித்துக் காட்டினான். அந்த வீட்டில் அப்படிச் சிரித்து ஆறு நாள் ஆகியிருந்தது.

“அவ்வளவுதானா?” என்றான் அண்ணன், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

சின்னவள் போனைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. இன்னும் ஒரு வரி இருந்தது. அதை அவள் மெதுவாகப் படித்தாள்.

‘குறிப்பில் காணும் 1 என்பது என்ன என்று திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பெரிய பொறியாளர் முன் நேரில் விளக்கம் அளிக்கவும்.’

குறிப்பா, என்ன குறிப்பு என்று அண்ணன் கேட்டான். சின்னவள் போனை மேசையில் வைத்தாள். அண்ணன் எடுத்துக் கொடுக்கும் வரைக்கும் காத்திராமல் அண்ணி எட்டி அதைத் தானே எடுத்தாள். உத்தரவை விரலால் மேலே தள்ளி, கீழே இணைத்திருந்த சின்னவளின் குறிப்பைப் படித்தாள். நாலு வரிதான். ஆனால் நாற்பது வரி படிக்கிற நேரம் எடுத்துக்கொண்டாள்.

வேலை போய்விடுமா என்று அண்ணன் தயங்கிக் கேட்டான். தெரியாது என்றாள் சின்னவள். தற்காலிக ஆள்தானே, விளக்கம் பிடிக்காவிட்டால் அடுத்த மாதம் வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள்.

அண்ணி போனை மேசையில் வைத்தாள். அண்ணனைத் தாண்டி, அவனைப் பார்க்காமல், நேராகச் சின்னவளைப் பார்த்தாள்.

“திங்கக்கிழமை கடையை லேட்டாத் தொறக்கறேன். நானும் உன்கூட வரேன்.”

“நீங்க எதுக்கு அண்ணி? என்னைத்தானே கூப்பிட்டிருக்காங்க.”

“அந்த ஒண்ணு என்னன்னுதானே கேட்டிருக்காங்க. அது நான்தானே.”